ஆறு பிளக்குகளும் ஒரு காற்றாடியும்

மேசையில் விரித்த பழைய துணியின் மேல் ஆறு ஸ்பார்க் பிளக்குகள் வரிசையாகக் கிடந்தன. இன்ஜினுக்குள் எந்த வரிசையில் இருந்தனவோ அதே வரிசை. ஒவ்வொன்றையும் கழற்றியவுடன் மெக்கானிக் துணியில் சாக்பீஸால் எண் போட்டு, அந்த எண்ணின் மேல் பிளக்கை வைத்தார். முதல் ஐந்து பிளக்குகளின் பீங்கான் முனை காய்ந்த சந்தனத்தின் நிறத்தில் இருந்தது. ஆறாவது மட்டும் வெளுத்திருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அந்த வெளுப்பின் மேல் மிளகுப் பொடியைவிட நுண்ணிய வெள்ளி நிறப் புள்ளிகள் தெரிந்தன.

யோகோஹாமாவை விட்டுச் சற்றுத் தள்ளியிருந்த பட்டறை அது. நான் அப்போது கனகாவா மாகாணத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த மதுரைத் தம்பி ஒருவருக்கு நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் கார் மீது தீராத ஆசை. 1991-இல் தயாரான ஆர்32 வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, விற்பவரின் சம்மதத்தோடு பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தார். "அண்ணே, பெயின்ட்டைப் பாருங்க, மூஞ்சி தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட எழுபது வயதிருக்கும். அவர் பெயின்ட்டின் பக்கம் திரும்பவே இல்லை. ஆறாவது பிளக்கை எங்கள் பக்கம் நீட்டி, அந்த வெள்ளிப் புள்ளிகளைக் காட்டி, ஜப்பானிய மொழியில் இரண்டே சொற்கள் சொன்னார். "இது பிஸ்டன்."

பிஸ்டன் அலுமினியக் கலவையில் செய்யப்படுவது. ஒழுங்காக ஓடுகிற இன்ஜினில் அது உதிர்ந்து போய்ப் பிளக்கில் ஒட்டாது. அதன் மேற்பரப்பு உருகும் நிலையை நெருங்கி, அடி வாங்கித் தெறித்தால்தான் ஒட்டும். வண்டியின் வெளிப்புறம் கண்ணாடியாக மின்ன, உள்ளே ஆறாவது சிலிண்டரில் யாரோ எப்போதோ ஏற்றிய சூட்டின் தழும்பு பதிந்திருந்தது. டர்போ பொருத்திய பழைய வண்டியை வாங்குவது என்றால், அந்த வண்டி இதுவரை பட்ட சூட்டை வாசிப்பது. அதை மாற்றியமைப்பது என்றால், இன்னும் எவ்வளவு சூட்டை அது தாங்கும் என்று கணக்குப் போடுவது. குதிரைத்திறன், பிக்கப், வேகம் என்று நாம் பேசுவதெல்லாம் இந்தக் கணக்குக்குள் அடங்கியவை.

இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டுவது எளிது. காற்றை ஊட்டுவதுதான் கடினம். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எடையில் பார்த்தால் இது பெரிதாகத் தெரியாது, கன அளவில் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 14.7 கிராம் காற்று சுமார் 12 லிட்டர் இடத்தை அடைக்கும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஒரு குடம் காற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஜி.டி.-ஆரில் இருக்கும் ஆர்பி26 இன்ஜினின் ஆறு சிலிண்டர்களும் சேர்ந்து 2,568 சி.சி. நிமிடத்துக்கு 7,000 சுற்று சுழலும்போது, தானாக மூச்சிழுத்தால் அது நொடிக்கு அதிகபட்சம் 150 லிட்டர் காற்றை இழுக்கும். பன்னிரண்டு குடம் காற்று, பன்னிரண்டு கிராம் பெட்ரோல். அதற்கு மேல் எவ்வளவு பெட்ரோலை ஊற்றினாலும் எரியாமல் கரும்புகையாகத்தான் வெளியேறும்.

இதைத் தாண்ட இரண்டு வழிகள் உண்டு. இன்ஜினைப் பெரிதாக்கலாம், அல்லது அதே இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கலாம். திணிக்க ஒரு பம்ப் வேண்டும், அந்தப் பம்பை ஓட்ட ஆற்றல் வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் பியூக்கி என்ற பொறியாளர் அந்த ஆற்றலைக் கண்டெடுத்த இடம் சைலன்சர் குழாய். பெட்ரோலில் இருந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாகவும், இன்னொரு பங்கு புகையின் சூடாகவும் அழுத்தமாகவும் வீணாகிறது. அப்படி வீணாகும் புகையின் பாதையில் ஒரு காற்றாடியை வைத்து, அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு காற்றாடியை வைத்தால், வெளியேறும் மூச்சே உள்ளே வரும் மூச்சை இழுத்துத் திணிக்கும். அதுதான் டர்போ. 1905-இல் இந்த யோசனைக்கு அவர் காப்புரிமை கோரினார். அது உருப்படியாக வேலை செய்ய ஆரம்பித்தது 1920-களில், அதுவும் கப்பல்களின் பெரிய டீசல் இன்ஜின்களில். இத்தனை ஆண்டுகள் பிடித்ததற்கு யோசனையில் குறை எதுவும் காரணமில்லை. அந்தச் சூட்டையும் அந்தச் சுழற்சியையும் ஒருசேரத் தாங்கும் உலோகம் அன்றைக்கு இல்லை. பெட்ரோல் இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது டர்போவின் புகைப்பக்கக் காற்றாடியைத் தொடும் வாயு 900 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். உள்ளங்கையில் அடங்கும் அந்தக் காற்றாடி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதன் அச்சுக்குப் பால்-பேரிங் கூட இல்லாமல், சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழலும் டர்போக்கள்தான் இன்றும் மிகுதி.

ஜப்பானில் தயாரான முதல் டர்போ பயணிகள் கார்கள் 1979-இல் வந்தன. நிஸானின் செட்ரிக், குளோரியா கார்கள் அவை. பத்தாண்டுகள் கழித்து வந்த ஆர்32 ஜி.டி.-ஆர் அந்தப் பாதையில் வெகுதூரம் முன்னே போயிருந்தது.

சைக்கிளுக்குக் காற்றடித்திருப்பவர்களுக்குத் தெரியும், பம்பின் அடிப்பகுதி சுட்டுவிடும். காற்றை அழுத்தினால் சூடேறும் என்பது இயற்பியல் விதி, அதிலிருந்து எந்தப் பம்பும் தப்ப முடியாது. ஜி.டி.-ஆரின் தொழிற்சாலை அளவு பூஸ்ட் சுமார் 0.7 பார். வெளியில் இருக்கும் காற்றைவிட 1.7 மடங்கு அழுத்தம் என்று பொருள். காற்றைவிட 1.7 மடங்கு அடர்த்தி கிடைத்துவிட்டது என்று மகிழ முடியாது. 27 டிகிரியில் உள்ளே போன காற்று, டர்போவின் செயல்திறன் எழுபது சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 97 டிகிரியில் வெளியே வரும். சூடான காற்று விரியும். அதனால் நமக்கு உண்மையில் கிடைப்பது 1.38 மடங்கு அடர்த்திதான். மீதியைச் சூடு தின்றுவிட்டது.

அதை மீட்டுக்கொடுப்பதுதான் இன்டர்கூலர். முன்பக்க பம்பருக்குப் பின்னால், எதிர்க்காற்று நேராக மோதும் இடத்தில் இருக்கும் அலுமினியத் தகடுகளின் அடுக்கு. பார்க்க ரேடியேட்டர் மாதிரி இருக்கும். உள்ளே ஓடுவது மட்டும் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று. 97 டிகிரியை 50 டிகிரிக்கு அருகே இறக்கிவிட்டால் அடர்த்தி 1.6 மடங்கை நெருங்குகிறது. பன்னிரண்டு குடமாக இருந்த மூச்சு பத்தொன்பது குடமாகிறது; நொடிக்கு எரியும் பெட்ரோல் 19 கிராமை எட்டுகிறது. இரண்டு டர்போக்களும் இந்த வேலைக்குச் செலவழிக்கும் திறனைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 20 கிலோவாட் வரும். மூன்று ஸ்கூட்டர்களின் இன்ஜின்கள் முழு வேகத்தில் ஓடித் தரும் திறன் அது, அத்தனையும் சைலன்சர் வழியாகப் போக இருந்த புகையிலிருந்து எடுத்தது. முழுக்க இலவசம் என்று சொல்லிவிட முடியாது. காற்றாடி வழியில் நிற்பதால் புகை வெளியேறக் கொஞ்சம் திணறும், அந்தத் திணறலுக்கான கூலியை பிஸ்டன் கொடுக்கும். ஆனாலும் வரவு செலவைவிடப் பலமடங்கு அதிகம்.

இந்த இன்ஜின் ஏன் 2.6 லிட்டர் என்ற அரைகுறை அளவில் இருக்கிறது என்று தம்பி ஒருநாள் கேட்டார். நல்ல கேள்வி. ஸ்கைலைனின் மற்ற வகைகளில் இரண்டு லிட்டர் இன்ஜின்கள் இருந்தன, இரண்டரை லிட்டரும் இருந்தது. 2.6-ஐத் தீர்மானித்தது பந்தய விதிப்புத்தகம். 'குரூப் ஏ' என்ற பந்தய வகையில் டர்போ இன்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கி, வரும் எண்ணை வைத்து வண்டியை ஒரு வகுப்பில் சேர்ப்பார்கள். வகுப்பைப் பொறுத்து வண்டியின் குறைந்தபட்ச எடையும், போடக்கூடிய டயரின் அகலமும் மாறும். 2,568-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 4,366. நாலரை லிட்டர் வகுப்புக்குள் வசதியாக உட்காரும் எண். நாலு சக்கரத்துக்கும் திறன் போகும் அமைப்பு வண்டியின் எடையைக் கூட்டிவிட்டதால், அகலமான டயர் கிடைக்கும் அந்த வகுப்பு நகனோரி இட்டோ தலைமையிலான பொறியாளர் குழுவுக்குத் தேவைப்பட்டது. பந்தயத்தில் 500 குதிரைத்திறனுக்கு மேல் இழுக்க வேண்டும் என்று தெரிந்தே வார்ப்பிரும்பு பிளாக்கை வடிவமைத்தார்கள். ஜப்பானின் டூரிங் கார் போட்டியில் 1990 முதல் 1993 வரை ஓடிய 29 பந்தயங்களிலும் இந்த வண்டிதான் வென்றது. ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் பந்தயத்தை 1991-இலும் 1992-இலும் வென்றது. 'காட்ஸில்லா' என்ற பட்டப்பெயரை அதற்குச் சூட்டியதும் ஆஸ்திரேலியப் பத்திரிகை ஒன்றுதான்.

சாலைக்கு வந்த வண்டியின் பேப்பரில் 280 குதிரைத்திறன் என்று இருக்கும். அதற்கு மேல் விளம்பரம் செய்வதில்லை என்று ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் 1989 வாக்கில் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன, 2004 வரை அதைக் காத்தார்கள். ஆக, 500-க்கும் மேல் தாங்கும் உடம்பு, 280 என்று எழுதிய அட்டை. இந்த இடைவெளிதான் உலகம் முழுக்க இந்த வண்டியை மாற்றியமைப்பவர்களின் கைகளை அரிக்க வைக்கிறது. அவர்கள் மறப்பது ஒன்று உண்டு. 500-ஐத் தாங்கும் என்று வடிவமைத்தது பிளாக்கை. அதைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் அப்படி வடிவமைக்கவில்லை.

அந்த முதல் வண்டியோடு ஏலத்தாளும் வந்திருந்தது. ஜப்பானில் பழைய வண்டிகளில் பெரும்பங்கு வியாபாரிகளுக்கான ஏலங்கள் வழியாகத்தான் கை மாறுகின்றன. சிபா மாகாணத்தின் நோடா நகரில் வியாழக்கிழமை தோறும் நடக்கும் ஏலம் அவற்றில் மிகப் பெரியது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தாள், அதில் வண்டியின் வரைபடம், வரைபடத்தின் மேல் எழுத்துகள். A என்றால் கீறல், U என்றால் நெளிவு, W என்றால் டிங்கரிங் பார்த்த தடம், S என்றால் துரு, XX என்றால் மாற்றிய பாகம். பக்கத்தில் இருக்கும் எண் அளவைச் சொல்லும். மொத்தத்துக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அதற்குப் பதிலாக R இருந்தால் விபத்துக்குப் பின் உடற்சட்டம் சரிசெய்யப்பட்டது என்று அர்த்தம். இதைவிட நேர்மையான ஒரு தாளைப் பழைய வண்டி வியாபாரத்தில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எங்கள் வண்டிக்கு 4 மதிப்பெண். வாசித்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தாள் வண்டியின் தோலைத்தான் படிக்கிறது. சிலிண்டருக்குள் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

அதைப் படிக்க மெக்கானிக் கம்ப்ரெஷன் மீட்டரை எடுத்தார். பிளக் இருந்த துளையில் மீட்டரைத் திருகி, பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரை மட்டும் சில நொடிகள் சுற்ற வைப்பது. முதல் ஐந்து சிலிண்டர்களில் ஊசி சதுர சென்டிமீட்டருக்குப் பதினொன்றரை கிலோ அருகே நின்றது. ஆறாவதில் ஒன்பதில் நின்றுவிட்டது. எண் எவ்வளவு என்பதைவிட ஆறும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் நோய். அடுத்து அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒரு கரண்டி இன்ஜின் ஆயிலை அதே துளை வழியாக ஊற்றி, மறுபடி சுற்ற வைத்தார். ஊசி பதினொன்றுக்கு ஏறியது. ஊற்றிய ஆயில் பிஸ்டனைச் சுற்றித் தேங்கி இடைவெளியை அடைத்துக்கொண்டதால் அழுத்தம் கூடிவிட்டது. அப்படியானால் கசிவு பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பக்கம். ஊசி அசையாமல் இருந்திருந்தால் வால்வையோ கேஸ்கெட்டையோ சந்தேகித்திருக்க வேண்டும். ஒரு கரண்டி எண்ணெயில், இன்ஜினைப் பிரிக்காமலே, நோய் எந்த உறுப்பில் என்று தெரிந்துவிட்டது. வெள்ளிப் புள்ளியும் ரிங் கசிவும் ஒரே சிலிண்டரில் சேர்ந்து வந்தால், பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் ஆறாவது? நீள வாக்கில் அமைந்த ஆறு சிலிண்டர் இன்ஜினில் அது கடைசி. தண்ணீர் பம்பும் எதிர்க்காற்றும் முன்பக்கம் இருக்க, அது கேபின் சுவரை ஒட்டிப் பின்னால் தள்ளி நிற்கிறது. சூடு தேங்கும் மூலை.

தம்பிக்கு அன்று முகம் வாடிவிட்டது. மூன்று மாதம் தேடி இன்னொன்றை வாங்கினார். பெயின்ட் மங்கியிருந்தது, பின்சக்கரத்தின் மேல் வளைவில் துரு எட்டிப் பார்த்தது, டேஷ்போர்டில் வெடிப்பு. ஆறு பிளக்குகளும் ஒரே நிறம். கம்ப்ரெஷன் ஆறிலும் கிட்டத்தட்ட ஒன்று. டர்போவின் அச்சைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருந்தது. ஆயில் படலத்துக்கு இடம் வேண்டுமே, அது இருக்கத்தான் வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் அசைவே இல்லை. வாங்கலாம் என்று மெக்கானிக் தலையசைத்தார்.

இனி நடந்தது ஒரு சின்ன ரப்பர் குழாயின் கதை.

டர்போ தன் போக்கில் சுழன்றுகொண்டே போனால் பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். புகை கூடினால் சுழற்சி கூடும், சுழற்சி கூடினால் காற்று கூடும், காற்று கூடினால் மறுபடி புகை கூடும். இதைக் கட்டுப்படுத்த ஒரு கதவு இருக்கிறது. பூஸ்ட் அழுத்தம் ஒரு சவ்வைத் தள்ளும், சவ்வு ஸ்பிரிங்கை எதிர்த்துக் கதவைத் திறக்கும், மிச்சப் புகை காற்றாடியைத் தொடாமல் ஒதுங்கிப் போகும். அந்தச் சவ்வுக்குப் போகும் அழுத்தத்தில் கொஞ்சத்தைக் கசியவிட்டால் கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் கூடும். ஆர்32-இல் எவ்வளவு கசியலாம் என்பதை நிர்ணயிப்பது, மஞ்சள் அடையாளம் போட்ட ஒரு குழாய்க்குள் இருக்கும் சிறு அடைப்பு. நடுவில் ஊசித்துளை உள்ள ஒரு துண்டு. அதை எடுத்துவிட்டால் 0.7 ஆக இருந்த பூஸ்ட் 0.9-க்கு மேல் போய்விடும். செலவு இல்லை, ஸ்பானர் கூட வேண்டாம். தம்பி எங்கோ கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துவிட்டார். வண்டி சீறியது. உண்மையாகவே அருமையாக இருந்தது. நானும் ஓட்டிப் பார்த்தேன், முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

மூன்று வாரம் கழித்து, யோகோஹாமா பே பிரிட்ஜின் ஏற்றத்தில், நாங்கள் இருவரும் வண்டியில் இருக்கும்போதே 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, தட்டில் கரண்டி விழுந்தது போல. பூஸ்ட் மீட்டரின் ஊசி சரிந்தது. பிக்கப் போய்விட்டது. டைகோக்கு பார்க்கிங் வரை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினோம்.

பட்டறையில் கழற்றிய டர்போவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். காற்றை உறிஞ்சும் பக்கத்துக் காற்றாடி புதிதுபோல இருந்தது. அச்சின் மறுமுனையில் ஒன்றுமே இல்லை. மொட்டையான எஃகுத் தண்டு, அதன் நுனியில் ஏதோ ஒட்டியிருந்த தடம். காற்றாடி சைலன்சர் குழாய்க்குள் கருஞ்சாம்பல் நிறத் துண்டுகளாகக் கிடந்தது. ஒரு துண்டை எடுத்து மேசையில் தட்டினேன். உலோகத்தின் ஓசை வரவில்லை, பீங்கான் கோப்பையின் ஓசை வந்தது.

பீங்கான் வகைதான். சிலிக்கன் நைட்ரைடு. டர்போ வண்டிகளின் தீராத குறை, ஆக்சிலரேட்டரை மிதித்ததற்கும் பூஸ்ட் வருவதற்கும் நடுவே இருக்கும் தயக்கம். காற்றாடி எவ்வளவு கனமோ அவ்வளவு நேரம் அது வேகம் பிடிக்க எடுக்கும். சூடு தாங்கும் நிக்கல் கலவையின் அடர்த்தி தண்ணீரைப் போல எட்டு மடங்கு. சிலிக்கன் நைட்ரைடின் அடர்த்தி மூன்று மடங்குதான். அதே வடிவத்தில் பாதிக்கும் குறைந்த எடை, 900 டிகிரியில் இளகாத உறுதி. 1985-இல் நிஸான் தன் ஃபேர்லேடி இசட் காரில் இப்படிப்பட்ட காற்றாடியைக் கொண்டுவந்தபோது அது பொருளறிவியலின் பெரிய வெற்றி. ஜி.டி.-ஆரின் இரண்டு டர்போக்களிலும் அதையே வைத்தார்கள். ஆனால் பீங்கானுக்கு ஒரு குணம் உண்டு. உலோகம் அளவுக்கு மீறி இழுபட்டால் முதலில் கொஞ்சம் நீளும், நெளியும், எச்சரிக்கும். பீங்கான் நெளியாது. எல்லைக்குள் இருக்கும்வரை இரும்புபோல நிற்கும், எல்லை தாண்டிய கணத்தில் உடையும். சுழலும் பொருளைப் பிய்க்கப் பார்க்கும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் பத்து சதவீதம் கூடினால் விசை இருபத்தொரு சதவீதம் கூடுகிறது. பீங்கானும் எஃகுத் தண்டும் சேரும் ஒட்டு வேறு நடுவில் இருக்கிறது. மஞ்சள் அடையாளம் போட்ட அந்த ஊசித்துளை இந்த எல்லையைத்தான் காவல் காத்துக்கொண்டிருந்தது. பந்தயத்துக்கு அனுமதி பெற 1990-இல் 560 வண்டிகள் தனியாகத் தயாரானபோது, நிஸானே அவற்றில் பீங்கானை விட்டுவிட்டு உலோகக் காற்றாடிகளை வைத்தது.

தம்பி உலோகக் காற்றாடி வைத்த டர்போக்கள் இரண்டைப் பொருத்தினார். ஒன்று மட்டும் போதாதா என்று கேட்டார். இரண்டும் ஆளுக்கு மூன்று சிலிண்டர்களின் புகையில் ஓடுகின்றன. ஒன்று லேசாகவும் இன்னொன்று கனமாகவும் இருந்தால் ஒன்றின் காற்று இன்னொன்றை எதிர்த்துத் தள்ளும். இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக இருந்தால்தான் சரி.

உலோகக் காற்றாடி வந்துவிட்டது, இப்போது 1.0 பார் வைக்கலாமா? டர்போ தாங்கும். அடுத்து யார் தாங்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். 1.0 பாரில் டர்போவிலிருந்து வெளிவரும் காற்று 120 டிகிரியைத் தொடும். இன்டர்கூலர் குளிர்வித்தாலும் முன்பைவிடச் சூடான, முன்பைவிட அடர்த்தியான காற்று சிலிண்டருக்குள் போய், அங்கே பிஸ்டனால் இன்னும் எட்டரை மடங்கு நசுக்கப்படும். பிளக் பொறி தட்டியதும் தீ நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பரவும். ஓரத்தில் தன் முறைக்காகக் காத்திருக்கும் கலவை, பரவிவரும் தீயால் மேலும் நசுங்கிச் சூடாகி, தீ வந்து சேரும் முன்பே தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். 86 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்தச் சிலிண்டருக்குள் அழுத்த அலை நொடிக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட முறை சுவருக்குச் சுவர் மோதும். அந்த அதிர்வெண் காதுக்குக் கேட்கும், கூழாங்கற்களைத் தகரத்தில் உருட்டுவதுபோல. சேதம் அதிர்வால் மட்டும் வருவதில்லை. பிஸ்டனின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று போர்வைபோலப் படிந்து, 2,000 டிகிரியைத் தாண்டும் தீயிடமிருந்து 600 டிகிரிக்கே இளகும் அலுமினியத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நாக்கிங் அலை அந்தப் போர்வையை உரித்துவிடுகிறது. அப்புறம் வருவதுதான் பிளக்கில் நாங்கள் பார்த்த வெள்ளிப் புள்ளிகள்.

இதைத் தடுக்க முதல் அரண் பெட்ரோல். தானாக வெடிப்பதை எவ்வளவு தூரம் எதிர்க்கிறது என்பதன் அளவுதான் ஆக்டேன் எண். ஜப்பானில் 'ஹைஓக்' என்று விற்கும் உயர்ரகப் பெட்ரோல் பெரும்பாலும் 100 ஆக்டேன். இந்த இன்ஜினின் பொறி நேரம் அதை நம்பித்தான் அமைக்கப்பட்டது. 92-ம் 95-ம் விற்கும் இலங்கையிலோ, தமிழ்நாட்டிலோ இப்படி ஒரு வண்டியை நினைத்துப் பார்ப்பவர்கள், பூஸ்ட்டைப் பற்றி யோசிக்கும் முன் பெட்ரோல் பங்கில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது அரண், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பெட்ரோல் தெளிப்பது. 14.7-க்குப் பதிலாகப் பன்னிரண்டு பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். மிகுதிப் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்கிறது, மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கும் அதே வழி. ஆனால் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு எல்லை உண்டு. இந்த வண்டியில் ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 440 சி.சி., ஆறும் சேர்ந்தால் 2.6 லிட்டர். 0.7 பாரில் முழு வேகத்துக்குச் சுமார் 1.9 லிட்டர் போதும். பூஸ்ட்டை ஏற்ற ஏற்ற இந்த இருப்பு கரையும். கரைந்து தீர்ந்த பிறகும் காற்று மட்டும் கூடினால் கலவை வறண்டு, சூடேறி, மறுபடியும் வெள்ளிப் புள்ளிகள்.

எவ்வளவு காற்று போகிறது என்று இன்ஜினின் கணினிக்கு எப்படித் தெரியும்? குழாயின் குறுக்கே சூடாக்கிய ஒரு கம்பி நிற்கிறது. போகும் காற்று அதைக் குளிர வைக்கும். கம்பியை அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதிலிருந்து காற்றின் எடை கணக்கிடப்படுகிறது. சுடுசோறை ஊதி ஆற்றும் அறிவுதான். முப்பது ஆண்டுப் பழைய வண்டியில் இந்தக் கருவிக்குள் பற்றவைத்த ஈயம் விரிசல் விட்டிருப்பது அடிக்கடி காணும் குறை. எடுத்த எடுப்பில் பெரிய டர்போ வாங்குகிறவர்கள் முதலில் இந்தப் பற்றவைப்பைப் பார்த்தால் எத்தனையோ பிஸ்டன்கள் பிழைக்கும்.

வேகம் கூடினால் அதை நிறுத்தவும் வேண்டும். 1,430 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 180 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் 18 லட்சம் ஜூல். ஆறு லிட்டர் தண்ணீரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் ஆற்றல். நம் வீட்டு அடுப்பில் அதற்கு அரை மணி நேரம்கூட ஆகும். பிரேக் அதை ஐந்தாறு நொடியில் நான்கு இரும்புத் தட்டுகளுக்குள் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஆர்32-இன் தொடக்ககால பிரேக்குகள் இந்த வண்டிக்குப் போதாதவை என்பது என் கருத்து. நிஸானும் 1993-இல் வி-ஸ்பெக் வகையில் பெரிய பிரெம்போ பிரேக்குகளை வைத்தது. தம்பி செய்த மாற்றங்களிலேயே நான் முழு மனதோடு கைதட்டியது பிரேக்கை மாற்றியதற்குத்தான்.

மெக்கானிக் பூஸ்ட்டை 0.85 பாரில் நிறுத்தினார். அவருடைய மடிக்கணினித் திரையில் எண்கள் நிறைந்த கட்டங்கள்: எந்தச் சுற்றில், எவ்வளவு காற்றுக்கு, எவ்வளவு பெட்ரோல், எத்தனை டிகிரி முன்னதாகப் பொறி. 0.95-உம் தாங்கும் என்று தம்பி வாதாடினார். ஆகஸ்ட் மாதம் ஜப்பானில் எவ்வளவு புழுங்கும் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிட்டு அவர் தன் வேலையைத் தொடர்ந்தார்.

அந்த ஆகஸ்ட் முடிந்ததும் வண்டியைத் திரும்பக் கொண்டுபோனோம். அதே மேசை, அதே துணி, அதே சாக்பீஸ் எண்கள். ஐந்து பிளக்குகள் சந்தன நிறம். ஆறாவதில் புள்ளி எதுவும் இல்லை, ஆனால் மற்றவற்றைவிட ஒரு சாயல் வெளுப்பு இருந்தது. அந்த மூலையின் சூடு. மெக்கானிக் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்து, ஆறாவது சிலிண்டருக்கு மட்டும் இரண்டு சதவீதம் பெட்ரோலைக் கூட்டினார்.